கடைசித் தேதிக்குள் ஒரு பத்தி: நகைக்கடன் விதி முதல் மீன்வலை விதி வரை

அரசோ ரிசர்வ் வங்கியோ ஒரு விதியை இறுதியாக்குமுன் வரைவாக வெளியிட்டுக் கருத்துக் கேட்டால், அதை எப்படிப் படிப்பது, கடைசித் தேதிக்குள் எப்படி ஆட்சேபம் எழுதுவது என்பதுதான் இங்கே பேச்சு. 2025 ஏப்ரல் 9 அன்று ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்கான வரைவு விதிகளை வெளியிட்டது. அது பேச்சாகிப் பரவியபோது மும்பையில் தாராவி, சயன் கோலிவாடா, அன்டாப் ஹில் பக்கமெல்லாம் கேள்வி ஒன்றுதான்: "இனிமே பில் இல்லாம நகை வைக்க முடியாதாமே அண்ணே?" அம்மா கழுத்தில் போட்டு அனுப்பிய சங்கிலிக்கும் பாட்டி கொடுத்த தோட்டுக்கும் எந்த வீட்டில் பில் இருக்கிறது? கோபம் நியாயமானது. ஆனால் வரைவில் இருந்த வாசகம் வேறு. நகை யாருடையது என்று சரிபார்த்ததற்குப் பதிவு வேண்டும், வாங்கிய ரசீது இல்லையென்றால் அது எப்படி இவருடையது என்பதற்குத் தகுந்த ஆவணமோ உறுதிமொழியோ வேண்டும் என்றுதான் இருந்தது. உறுதிமொழிக்கு வழி இருந்தது. அதற்கு யார் படிவம் தருவது, கவுன்டரில் இருப்பவர் ஏற்க மறுத்தால் என்ன செய்வது, அடிக்கடி நகை வைத்து எடுப்பவரை எப்படி நடத்துவது என்பவைதான் தெளிவில்லாமல் கிடந்தன. கேட்க வேண்டிய இடம் அதுவே.

அதே வரைவில் பில்லைவிடப் பெரிய அடி வேறொன்று இருந்தது. அதைப் பற்றித் தெருவில் பேச்சே இல்லை. நகை மதிப்பில் 75 சதவீதம் வரைதான் கடன் என்பது பழைய வரம்பு. வீட்டுச் செலவுக்காக வாங்கி, தவணை கட்டாமல் கடைசியில் மொத்தமாக அடைக்கும் கடனுக்கு, முதிர்வு நாளில் வட்டியோடு கட்ட வேண்டிய முழுத் தொகையும் இந்த 75 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்றது வரைவு. காகிதத்தில் கணக்குப் போட்டால்தான் இதன் எடை புரியும். நகை மதிப்பு 1,00,000 ரூபாய், வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், காலம் ஒரு வருடம் என்று வைத்துக்கொள்வோம். வட்டியைச் சேர்க்காமல் 75 சதவீதம் கொடுத்துவந்த நிறுவனத்தில் கைக்கு 75,000 வரும். வட்டியோடு 75,000-க்குள் என்றால் 75,000-ஐ 1.12-ஆல் வகுக்க வேண்டும். கைக்கு வருவது 66,964. ஒரே நகை, எட்டாயிரம் ரூபாய் குறைவு. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் ஒரு குடும்பத்துக்கு எட்டாயிரம் என்பது என்ன என்று தாராவியில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து எதிர்ப்பு வலுத்தது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். மே 30 அன்று மத்திய நிதித் துறை, சிறு கடன்காரர்களைப் பாதிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி ரிசர்வ் வங்கிக்குப் பரிந்துரைத்தது. ஜூன் 6 அன்று இறுதி விதி வந்தது: 2.5 லட்சம் வரை 85 சதவீதம், அதற்கு மேல் 5 லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75. வட்டியைச் சேர்த்துப் பார்க்கும் முறை அப்படியே இருந்தது. இப்போது அதே கணக்கைப் போடுங்கள்: 85,000-ஐ 1.12-ஆல் வகுத்தால் 75,893. பழைய 75,000-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு, திருப்பிக் கட்டும் தகுதியை விரிவாக ஆராயத் தேவையில்லை என்றும் ஆனது. உரிமைக்குக் கடன் வாங்குபவரின் ஆவணமோ உறுதிமொழியோ போதும் என்று வாசகமும் தெளிவானது. வரைவில் எல்லா நகையும் 22 காரட் விலைக்குக் கொண்டுவரப்பட்டது. இறுதியில் அந்தந்த நகையின் உண்மையான காரட்டுக்கு உரிய விலை என்றானது.

யாருடைய மனு எந்த எண்ணை நகர்த்தியது என்று வெளியில் இருப்பவர்கள் சொல்ல முடியாது. ஆனால் மாறியவை எல்லாம் எண்களும் வாசகங்களும்தான். "விதியே வேண்டாம்" என்று கேட்டவர்களுக்கு அது கிடைக்கவில்லை. கிடைக்கவும் கூடாது என்பது என் கருத்து. ஏனென்றால் அதே விதியில்தான் கடனை அடைத்ததும் நகையை அன்றைக்கே, முடியாவிட்டால் 7 வேலை நாட்களுக்குள், திருப்பித் தர வேண்டும் என்றும், கடன் கொடுத்தவர் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்றும் இருக்கிறது. ஏலம் விட்டால் குறைந்தபட்ச விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. இரண்டு முறை ஏலம் போகவில்லை என்றால்தான் 85. இவ்வளவையும் சேர்த்துத் தூக்கி எறியச் சொல்வது நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது.

ஒரு வரைவு வந்ததும் பலர் முன்னுரையில் தொடங்கி வரிசையாகப் படித்து, ஆறாவது பக்கத்தில் களைத்து நிறுத்திவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது இந்த விதி யாருக்குப் பொருந்தும் என்னும் பத்தி. நகைக்கடன் விதி வணிக வங்கிகள், கூட்டுறவு வங்கிகள், வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள் ஆகியவற்றுக்குத்தான். தெருமுனை அடகுக் கடைக்கு அது பொருந்தாது. அங்கே 2014-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர கடன் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம். அடகுக் கடையில் நகை வைத்திருப்பவர் ரிசர்வ் வங்கிக்கு எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் அந்தக் கடிதம் போய்ச் சேர்வதற்கு அங்கே ஆள் இல்லை.

அடுத்தது வரையறைகள். அதற்குப் பிறகு எண்கள் எல்லாவற்றையும் தனியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: சதவீதம், நாள், தொகை, எடை, மில்லிமீட்டர். எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லையென்றால் அதைச் சிவப்பில் வட்டமிடுங்கள். "ஆஸ் மே பி ஸ்பெசிஃபைடு", "ஆஸ் மே பி பிரிஸ்கிரைப்டு" என்று ஆங்கிலத்தில் வரும் சொற்கள்தான் அந்த வெற்றிடம். "பின்னால் சொல்கிறோம்" என்று பொருள். 2017 ஆகஸ்ட் 10 அன்று மக்களவையில் அறிமுகமான நிதித் தீர்வு மற்றும் வைப்புக் காப்பீடு மசோதா இதற்குச் சரியான பாடம். திவாலாகும் வங்கியின் கடன்பொறுப்புகளைக் (டெபாசிட்டும் அதில் ஒன்று) குறைத்து வங்கியைக் காப்பாற்ற 52-ஆவது பிரிவு வழி செய்தது. "நம் டெபாசிட்டை எடுத்துக்கொள்வார்கள்" என்று நாடு முழுவதும் பீதி. காப்பீடு செய்யப்பட்ட டெபாசிட்டுக்கு அந்தப் பிரிவிலேயே விலக்கு இருந்தது. ஆனால் எவ்வளவு தொகை வரை காப்பீடு என்ற எண் மசோதாவில் இல்லை. அன்று நடப்பில் இருந்த 1 லட்சத்தைத் தாங்கிய பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, புதிய தொகையைப் பிறகு வரப்போகும் அமைப்பு குறிப்பிடும் என்று விட்டிருந்தார்கள். விலக்கு இருக்கிறது, விலக்கின் அளவு இல்லை. கேள்வியை அங்கே வைத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும். 2018 ஆகஸ்டில் மசோதா திரும்பப் பெறப்பட்டது.

"ஷால்" என்றால் கட்டாயம், "மே" என்றால் விருப்பம். "ஆர்டினரிலி" என்று ஒரு சொல் நுழைந்தால் கதவு பாதி திறந்திருக்கிறது என்று பொருள். பெரிய ஓட்டைகள் இந்தச் சின்னச் சொற்களில்தான் இருக்கும்.

எண்ணைக் கண்டுபிடித்தபின் கேட்க வேண்டிய கேள்வி, அதை யார், எதைக் கொண்டு, எப்போது அளப்பார் என்பது. இதை மீன்பிடி விதிகளைப் போல வேறு எதுவும் கற்றுத் தராது. படகு கடலில் இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடியின் கடைசிப் பைக்கு 40 மில்லிமீட்டர் சதுரக் கண்ணி என்ற விதியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியில் இருப்பவருக்கு 40 மட்டும்தான் தெரியும். வலை பின்னுகிறவருக்குச் "சதுரம்" என்பதுதான் விஷயம். சாய்சதுரக் கண்ணி இழுவை விசையில் நீளவாக்கில் இறுகி மூடிக்கொள்ளும். கரையில் அளக்கும்போது 40 இருக்கும், கடலில் இழுக்கும்போது விரல்கூட நுழையாது. குஞ்சு மீன் தப்ப வழியில்லை. சதுரக் கண்ணி இழுக்கும்போதும் திறந்தே நிற்கும். ஆகவே "கண்ணி 40 மில்லிமீட்டர்" என்று மட்டும் எழுதிய விதி ஒப்புக்குத்தான். எதிர்த்து எழுதுகிறவரும் ஆதரித்து எழுதுகிறவரும் கேட்க வேண்டியவை வேறு: முடிச்சுக்கு முடிச்சு இழுத்து அளப்பதா, கண்ணியின் ஒரு பக்கத்தை மட்டும் அளப்பதா? நனைந்த வலையா, காய்ந்த வலையா? எத்தனை கண்ணிகளின் சராசரி? உள்ளே இரண்டாவது வலை போட்டு மறைத்தால் என்ன? அளவுகோல் துறைமுகத்தில் இருக்குமா, அதிகாரியின் பையில் இருக்குமா? விதியில் இவை எழுதப்படாவிட்டால் மும்பையின் சசூன் டாக் மீன்பிடித் துறைமுகத்தில் படகு வந்து நிற்கும்போது அதிகாரியின் மனநிலைதான் விதி. அது நேர்மையான படகுக்காரரைத்தான் முதலில் அடிக்கும்.

மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலையின் வழக்கும் அப்படியே. தமிழ்நாடு 2022-இல் சுருக்குமடியைத் தடை செய்தது. 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையில் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை என்று அனுமதித்தது. பேச்செல்லாம் "அனுமதியா தடையா" என்பதிலேயே நின்றது. 12 கடல் மைல் என்பது சுமார் 22 கிலோமீட்டர். மணிக்கு 8 கடல் மைல் வேகத்தில் போகும் படகுக்கு அந்த எல்லையைத் தொடவே ஒன்றரை மணி நேரம், திரும்ப ஒன்றரை. பத்து மணி நேரத்தில் ஏழுதான் மிச்சம். அதற்குள் மீன் கூட்டத்தைத் தேடி, வளைத்து, வாரி ஏற்ற வேண்டும். சுருக்குமடியை எதிர்க்கும் சிறு வலைக்காரருக்கும் அதே 12 மைல்தான் பிரச்சினை: அந்தக் கோட்டைத் தாண்டினார்களா என்று நடுக்கடலில் யார் பார்ப்பது? அதனால்தான் கண்காணிப்புக் கருவி என்ற நிபந்தனையும் சேர்ந்தது. இரு தரப்பும் மணியையும் மைலையும் வைத்துப் பேசியிருந்தால் சண்டை குறைந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதைப் பற்றிய சண்டை என்பதாவது தெளிவாகியிருக்கும்.

12 கடல் மைலுக்கு இன்னொரு பயனும் உண்டு. கடிதம் யாருக்கு என்பதை அதுதான் முடிவு செய்கிறது. கரையிலிருந்து அதுவரை மாநிலத்தின் அதிகாரம். மகாராஷ்டிரத்தில் 1981-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், மாநில மீன்வளத் துறை. அதற்கு அப்பால் மத்திய அரசு. மீன்பிடித் தடைக்காலம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, இரண்டும் 61 நாட்கள். கன்னியாகுமரி மாவட்டம் இரண்டு கரையிலும் கால் வைத்திருப்பதால் அங்கிருந்து மும்பைப் பக்கம் தொழிலுக்கு வருகிறவருக்கு எந்தத் தடைக்காலம் எங்கே என்பது வெறும் காலண்டர் கேள்வி இல்லை. தடைத் தேதியை மாற்றச் சொல்லி எழுதும்போது, கடலின் எந்தப் பகுதி என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மாநிலம் மத்தியத்தைக் காட்டும், மத்தியம் மாநிலத்தைக் காட்டும்.

கூட்டுறவு வங்கிகளிலும் இதே இரட்டை அதிகாரம்தான் பல வருடங்கள் மக்களைப் படுத்தியது. பதிவும் நிர்வாகமும் கூட்டுறவுப் பதிவாளர் கையில். வங்கித் தொழில் ரிசர்வ் வங்கி கையில். 2019 செப்டம்பர் 23 அன்று பஞ்சாப் மகாராஷ்டிரக் கூட்டுறவு வங்கியின் மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டபோது, ஒரு கணக்குக்கு 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றானது. பிறகு 10,000, 25,000, 40,000, 50,000 என்று படிப்படியாக ஏறி, 2020 ஜூனில்தான் 1 லட்சத்தைத் தொட்டது. கடன்களில் 70 சதவீதத்துக்கு மேல் ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது. அன்றைய விதிப்படி ஒரு குழுமத்துக்கு மூலதன நிதியில் 40 சதவீதம்தான் உச்சம். விதி இருந்தது, அதைப் பார்க்க வேண்டிய கண் இல்லை. 2020 மார்ச்சில் குழும வரம்பு முதல்நிலை மூலதனத்தில் 25 சதவீதம் என்று இறுகியது, அதே ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத் திருத்தம் கூட்டுறவு வங்கிகள் மீது ரிசர்வ் வங்கிக்குக் கூடுதல் அதிகாரம் தந்தது.

டெபாசிட் போட்டவர்கள் பக்கம் மாறியவை இரண்டு. 1993 மே முதல் அசையாமல் கிடந்த 1 லட்சம் காப்பீடு, 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சமானது. அடுத்தது அதைவிட முக்கியம் என்பேன். முன்பு வங்கி மூடப்பட்டு, அதன் சொத்துகளை விற்றுக் கணக்கை முடிக்கும் கலைப்பாளர் வந்து, பட்டியல் போட்டபின்தான் காப்பீட்டுப் பணம். 2021 செப்டம்பர் 1 முதல், கட்டுப்பாடு விதிக்கப்பட்ட நாளிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது: 45 நாட்களில் வங்கி பட்டியல் தர வேண்டும், 30 நாட்களில் சரிபார்ப்பு, 15 நாட்களில் பணம், ஆக 90. தொகையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். நாள் எப்போது தொடங்கும் என்பதில் வந்த மாற்றமும் அதே அளவு முக்கியம்.

அந்த 5 லட்சத்தின் உள்விவரங்களில் தவறு செய்கிறவர்கள் இன்றும் அதிகம். அது கிளைக்கு அல்ல, வங்கிக்கு. மாட்டுங்கா கிளையும் செம்பூர் கிளையும் சேர்த்துத்தான். அசலும் வட்டியும் சேர்த்துத்தான். தனிப் பெயரில் ஒன்று, மனைவியோடு கூட்டாக ஒன்று, மைனர் பிள்ளைக்குக் காப்பாளராக ஒன்று என்றால் தனித்தனியாக 5 லட்சம். ஆனால் இட்லிக் கடை பெயரில் தனி உரிமையாளராக வைத்திருக்கும் நடப்புக் கணக்கு உங்கள் சொந்தக் கணக்கோடு சேர்ந்துவிடும். கூட்டாளி நிறுவனம் என்றால் சேராது. அதே வங்கியில் கடன் இருந்தால் கழித்துக்கொள்வார்கள்: 7 லட்சம் டெபாசிட், 3 லட்சம் கடன் என்றால் மீதி 4 லட்சம், அது முழுவதும் காப்பீட்டுக்குள். 45 நாள் பட்டியலில் இடம் பிடிக்க வேண்டுமானால் விருப்பப் படிவம், கேஒய்சி என்னும் அடையாளச் சரிபார்ப்பு, பணம் போட வேறொரு வங்கிக் கணக்கு மூன்றும் தயாராக இருக்க வேண்டும். கிராமத்துப் பெயரும் மும்பைப் பெயரும் எழுத்து மாறி இருப்பவர்கள் இதில் சிக்குகிறார்கள். இன்ஷியலை ஆதாரில் ஒரு மாதிரியும் பாஸ்புக்கில் ஒரு மாதிரியும் வைத்திருக்காதீர்கள்.

பத்பேடி விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தினமும் கடைக்கு வந்து பிக்மி என்னும் தினச் சேமிப்பை வசூலிக்கும் அந்தக் கூட்டுறவுக் கடன் சங்கம் வங்கி இல்லை. 5 லட்சம் காப்பீடு அங்கே ஒரு ரூபாய்க்கும் இல்லை. அதன் விதி மாநிலக் கூட்டுறவுச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு எழுத வேண்டிய இடம் பதிவாளர்.

பஞ்சாப் மகாராஷ்டிரக் கூட்டுறவு வங்கியை வேறொரு வங்கியோடு இணைக்கும் வரைவுத் திட்டம் 2021 நவம்பர் 22 அன்று வந்தது. கருத்துக்குக் கடைசி நேரம் டிசம்பர் 10 மாலை 5 மணி. பதினெட்டே நாட்கள். திட்டத்தின்படி 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்த தனிநபர்களுக்கு முதல் வருட முடிவில் 50,000, இரண்டாம் வருடம் 50,000, மூன்றாம் வருடம் 1 லட்சம், நான்காம் வருடம் 2.5 லட்சம், ஐந்தாம் வருடம் 5.5 லட்சம், எஞ்சியது பத்து வருடம் கழித்து. 2022 ஜனவரி 25 அன்று அமலானது. இப்படி ஒரு அட்டவணையைப் பார்த்ததும் "அநியாயம்" என்று எழுதத் தோன்றும். எழுதுங்கள், ஆனால் அதோடு நிறுத்தினால் கோப்பில் சேர ஒன்றும் இல்லை. "பத்தாம் வருடம் என்ற வரிக்குப் பின், 70 வயது நிறைந்தவருக்கும் தீவிர நோய்க்குச் சிகிச்சை பெறுபவருக்கும் ஐந்தாம் வருட முடிவில் என்று சேர்க்கவும்" என்று எழுதினால், அதை ஏற்கவோ மறுக்கவோ ஒருவர் உட்கார்ந்து யோசித்தாக வேண்டும்.

இதுதான் ஒரு நல்ல ஆட்சேபத்தின் எலும்புக்கூடு. வரைவின் பெயர், தேதி. பத்தி எண். இப்போதுள்ள வாசகம் அப்படியே. அதனால் வரும் சிரமம், ஒரு கணக்கோடு. மாற்று வாசகம், நேரே எடுத்து ஒட்டக்கூடிய வடிவில். ஒரு பத்திக்கு அரைப் பக்கம் போதும். ஒரு மனுவில் நான்கு பத்திக்கு மேல் தொடாதீர்கள். பதினைந்தைத் தொட்டால் பதினைந்தும் நீர்த்துப் போகும். பெரும்பாலும் வரும் கருத்துகளைப் பத்தி வாரியாக அட்டவணை போட்டுத்தான் பார்ப்பார்கள். பத்தி எண் இல்லாத கடிதம் "பொதுவானவை" என்ற கட்டத்தில் போய் விழும். அந்தக் கட்டத்துக்குப் பதில் வருவது அபூர்வம்.

நூறு பேர் ஒரே மாதிரி மின்னஞ்சல் அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எண்ணிக்கையைக் காட்ட அது உதவலாம், அவ்வளவே. அதைவிட ஐந்து பேர் ஐந்து விதமான கணக்கைக் கொடுப்பது வலுவானது: ஒருவர் கடைக்காரர், ஒருவர் வீட்டு வேலை செய்பவர், ஒருவர் ஓய்வூதியர். ஆதார் நகல், கணக்கு எண், பான் எதையும் இணைக்காதீர்கள். கருத்துகள் வெளியிடப்படலாம். நாடாளுமன்றக் குழு மனு கேட்டால் அங்கே நடைமுறை நேர்மாறு: கொடுத்த மனு குழுவின் ஆவணம், அதை வெளியில் பரப்புவது நாடாளுமன்ற உரிமை மீறலாகக் கருதப்படும். வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிடாதீர்கள்.

கடைசித் தேதியை எண்ணுவதில் நடக்கும் தவறு இருபுறமும் உண்டு. மத்திய அரசிதழில் வரும் வரைவு விதிகளில், அரசிதழ்ப் பிரதி பொதுமக்களுக்குக் கிடைக்கும் நாளிலிருந்து 30 நாள் அல்லது 60 நாள் என்று இருக்கும். கையெழுத்திட்ட தேதியிலிருந்து அல்ல. அதற்காகக் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். சட்ட வரைவுகளுக்குக் குறைந்தது 30 நாள் என்பது 2014-இல் மத்திய அரசு வகுத்த முன்கலந்தாய்வுக் கொள்கை. அது கொள்கைதான், மீறினால் சட்டப்படி உடனே பிடிக்க முடியாது. ரிசர்வ் வங்கி 2025 மே மாதம் தனக்கென வகுத்த நெறிமுறையில் பொதுவாகக் குறைந்தது 21 நாள். நாள் போதவில்லை என்றால் கால நீட்டிப்பு கேட்டுத் தனிக் கடிதம் முதல் வாரத்திலேயே போக வேண்டும். சில ஆணைகளுக்குக் கருத்துக் கேட்பே கிடையாது; வங்கி மீது வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவில் போடும் கட்டுப்பாடு அப்படிப்பட்டது. அங்கே மருத்துவச் செலவுக்கு விலக்கு கேட்டு நிர்வாகியிடம் தனிமனு போடுவதுதான் வழி.

மொழி. அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு, குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்தில் வழங்கும் எந்த மொழியிலும் ஒன்றிய அதிகாரிகளுக்குக் கொடுக்கலாம் என்கிறது. எனவே டெல்லிக்குத் தமிழில் எழுதுவது உரிமை. ஆனாலும் பக்கத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பை வையுங்கள். பத்தி எண்ணும் கணக்கும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். மும்பையில் மாநிலத் துறை என்றால் மராத்திதான் வேலை செய்யும். மூன்று சொற்களை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: "மசுதா" என்றால் வரைவு, "அதிசூச்னா" என்றால் அறிவிக்கை, "ஹர்கதி வ சூச்னா" என்றால் ஆட்சேபமும் யோசனையும். மராத்திப் பத்திரிகையின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் விளம்பரத்தில் கடைசிச் சொற்றொடரைக் கண்டால் அந்தப் பக்கத்தைக் கிழித்து வையுங்கள். நம் வீடுகளில் மராத்தி படித்த பிள்ளை ஒன்றாவது இருக்கும். ஜி.ஆர் என்னும் அரசாணையை அந்தப் பிள்ளையிடம் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாலே பாதி புரிந்துவிடும். மகள் படிக்க, அப்பா எண்களைக் குறித்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

கொடுப்பதில் சோம்பல் கூடாது. மின்னஞ்சலில் வரைவில் கேட்ட தலைப்பு வரியை அப்படியே போடுங்கள், வேறு தலைப்பு என்றால் தேடலில் சிக்காது. ரிசர்வ் வங்கியின் தலைமையகம் கோட்டைப் பகுதியில், சிஎஸ்எம்டி நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. சயனிலிருந்து ரயில் ஏறிப் போய் நேரில் கொடுத்து, இரண்டாவது பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான இன்வர்டு சீல் வாங்குவது மும்பைக்காரருக்கு மட்டும் கிடைத்த வசதி. முடியாவிட்டால் ஸ்பீடு போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

இறுதி விதி வந்ததும் வரைவையும் அதையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிட வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை, அதனால் வென்றதைக்கூடத் தோற்றதாக நினைக்கிறார்கள். உங்கள் பத்திக்கு என்ன பதில் பதிவானது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்: கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். "ஏன் ஏற்கவில்லை" என்று கேட்காதீர்கள், "வரப்பெற்ற கருத்துகளின் பத்திவாரி அட்டவணையும் அதன் மீதான குறிப்புகளும் நகலாகத் தேவை" என்று கேளுங்கள். மத்திய அலுவலகத்துக்கு 500 சொல் வரை பொறுப்பார்கள். மகாராஷ்டிர அரசுக்கு ஒரு மனுவில் ஒரே பொருள், 150 சொல். இந்தத் தகவல் உரிமை மனு மட்டும் இங்கே தமிழில் செல்லாது. ஆங்கிலம், இந்தி, அல்லது இங்கே மராத்தி.

நகைக்கடன் விதியைக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். அதில் ஒரு வரி மும்பைத் தமிழருக்காகவே எழுதியது போல இருக்கிறது: நிபந்தனைகள் உள்ளிட்ட தகவல்கள் அந்த வட்டார மொழியிலோ, கடன் வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் மொழியிலோ இருக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி முன்னிலையில் விளக்க வேண்டும். தாராவியின் 90 அடி சாலையில் இருக்கும் கிளைக்கு நகையோடு போகிறவர், கையெழுத்துப் போடுமுன் தமிழில் கேட்கலாம். இல்லை என்றால் அந்தப் பதிலை எழுத்தில் தரச் சொல்லலாம். தராவிட்டால் கிளைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாள் வரை பதில் இல்லையென்றாலோ பதில் சரியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அங்கே புகார் பதியக் கட்டணம் இல்லை.